ஊரடங்கு கல்லூரி மாணவர்களின் படிப்பையும் மனநலத்தையும் எவ்வாறு பாதித்தது?

"கல்லூரிகள் மூடியிருந்தாலும் ஆன்லைன் வகுப்புகள் நடந்தன, தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோர் தேர்ச்சியும் பெற்றார்கள், அப்படியிருக்க, கொரோனா ஊரடங்கினால் மாணவர்களின் படிப்பும் மனநலமும் பாதிக்கப்பட்டன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?" என்பது கேள்வி. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு பதிலைச் சொல்வதைவிட, ஆசிரியராக நான் அருகிலிருந்து பார்த்த தமிழ்நாட்டுக் கல்லூரிகளை வைத்துச் சொல்வதே பொருத்தமாக இருக்கும். வெளிநாட்டு ஆய்வுகளை, இங்கே நடந்ததை விளங்கிக்கொள்ள உதவும் இடங்களில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படிப்பின் பாதிப்பு, மனநலத்தின் பாதிப்பு என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது; இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. நம் கல்லூரி மாணவர்கள் ஆசிரியரிடம் கற்பதைவிடச் சக மாணவரிடம் கற்பதே அதிகம். அந்தத் துணை அறுந்தபோது பாடமும் பிடிபடவில்லை, மனமும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் அதை மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் கல்லூரிகள் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. மார்ச் 31 வரை என்றுதான் அறிவிப்பு சொன்னது. விடுதியில் இருந்தவர்கள் இரண்டு வாரத்துக்கு வேண்டிய துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புத்தகங்களையும் நோட்டுகளையும் பெட்டியில் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். பின்னர் பல கல்லூரி விடுதிகள் கொரோனா மையங்களாக மாற்றப்பட்டதால், அந்தப் பெட்டிகளைத் திரும்ப எடுப்பதே பெரும்பாடாயிற்று. இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்றும், மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்றும் வகுப்புகள் தொடங்கின. மார்ச் இறுதிக்குள் இரண்டாம் அலை வந்து மறுபடியும் மூட வைத்தது. செப்டம்பர் 1 அன்று திறந்த கல்லூரிகள், ஒமிக்ரான் பரவலால் 2022 ஜனவரியில் மூடி, பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்தன. ஆக, 2020-இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒருவர், இடையில் கிடைத்த சில வாரங்களைத் தவிர்த்தால், தன் கல்லூரிக்குள் முறையாகக் காலெடுத்து வைத்தது இரண்டாம் ஆண்டில்தான்.

இந்த மூடலின் பாரம் யார்மீது விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு புள்ளிவிவரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2019-20 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 51.4 விழுக்காடு; பெரிய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். கல்லூரி வயதில் இருப்பவர்களில் பாதிப்பேர் கல்லூரிக்கு வருகிறார்கள் என்றால், அவர்களில் பெரும்பகுதி விவசாயக் கூலி, நெசவு, கட்டட வேலை, சிறு வியாபாரம் செய்யும் வீடுகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்றுதான் பொருள். மறுபக்கம், 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, இந்தியாவில் இணைய வசதி உள்ள வீடுகள் ஏறத்தாழ 24 விழுக்காடு என்றும், கிராமப்புறத்தில் கணினி இருக்கும் வீடுகள் 4.4 விழுக்காடு மட்டுமே என்றும் சொன்னது. தமிழ்நாட்டின் நிலை தேசியச் சராசரியைவிட மேம்பட்டதுதான். ஆனாலும் வீட்டுக்கு ஓர் ஆண்ட்ராய்டு போன், அதையும் அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விடுவார், மாலையில் வந்ததும் பள்ளியில் படிக்கும் தம்பிக்கும் அது வேண்டும் என்ற நிலையில்தான் எங்கள் மாணவர்கள் பலர் இருந்தார்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாக வழங்கப்படும் என்று 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் கல்லூரிகள் மூடி பத்து மாதங்கள் கடந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதங்களுக்கு மட்டும் வந்தது. அதற்குள் பலர் வகுப்புக்கு வருவதையே விட்டிருந்தார்கள்.

போனும் டேட்டாவும் இல்லாத குறையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இரண்டும் இருந்தவர்களும் ஏன் கற்கவில்லை என்பதே.

ஒரு சராசரிக் கலை அறிவியல் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ பாடம் உண்மையில் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். ஆசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார். தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு அதில் பாதி புரிகிறது. மீதியை அவர் பக்கத்தில் இருப்பவரிடம் "என்னடா சொல்றாரு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார். வகுப்பு முடிந்ததும் நன்றாகப் படிக்கும் ஒருவரைச் சுற்றி நான்கு பேர் உட்காருகிறார்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் விடுதி அறைகளில் இரவு முழுக்க நடக்கும் கூட்டுப் படிப்பில்தான், ஐந்து மாதமாகக் காதில் விழுந்தும் விழாமலும் போன பாடம் முதன்முறையாகப் பொருள்படத் தொடங்குகிறது. எந்த யூனிட்டை விட்டுவிடலாம், எந்தத் தேற்றத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எந்த ஆசிரியரிடம் தயங்காமல் சந்தேகம் கேட்கலாம் என்பதையெல்லாம் சீனியர்கள் சொல்கிறார்கள். இதைப் படிப்பின் ஓர் ஓரப் பகுதியாக நினைக்கிறோம்; பாதிப் பாடத்திட்டமே இந்த வழியாகத்தான் மாணவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆசிரியரும் வகுப்பில் முகங்களைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்பார், தமிழுக்கு மாறுவார், உதாரணத்தை மாற்றுவார். கூகுள் மீட்டில் மியூட் செய்யப்பட்ட அறுபது பெயர்களைப் பார்த்து எதை மாற்றுவது? போதாக்குறைக்கு வகுப்பு பதிவாகிறது என்ற எண்ணம் வேறு. நிர்வாகம் கேட்கும், துறைத்தலைவர் கேட்பார் என்று பல ஆசிரியர்கள் தமிழில் விளக்குவதைக் குறைத்துக்கொண்டு, பவர்பாயின்ட்டை வாசித்து முடித்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு இதை வேறொரு கோணத்திலிருந்து காட்டியது. அங்கே ஆய்வாளர்கள், யார் யாருடன் பழகுகிறார்கள், யார் யாருடன் சேர்ந்து படிக்கிறார்கள் என்ற வலைப்பின்னலைப் பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே அளந்து வைத்திருந்தார்கள். ஊரடங்கு வந்தபோது, சேர்ந்து படிக்கும் தொடர்புகள் மெலிந்தன, தனியாகப் படிப்பவர்கள் பெருகினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் தனிமையும் முன்பிருந்ததைவிடக் கூடின. அப்படிக் கூடியதற்கும் தொடர்புகள் அறுந்ததற்கும் உறவு இருந்தது. பணமும் இணையமும் தட்டுப்பாடில்லாத ஓர் ஊரில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நட்பை வாட்ஸ்அப்பில் காப்பாற்றிக்கொள்ள முடியும், ஏற்கெனவே இருந்த நட்பாக இருந்தால். முதலாண்டில் சேர்ந்த மாணவருக்குக் காப்பாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. அவருக்கு வகுப்புத் தோழர்கள் என்பவர்கள் ஒரு குழுவில் இருக்கும் தொலைபேசி எண்கள்தான்.

நேரடி வகுப்புக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் இடையே கற்றலில் எவ்வளவு வேறுபாடு என்பதை அளப்பது கடினம், ஏனென்றால் ஊரடங்கில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறிவிட்டன. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 2020-இன் பிற்பகுதியில் ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது: பொருளாதார அறிமுகப் பாடத்துக்கு வந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் சிலரை நேரடி வகுப்புக்கும் சிலரை ஆன்லைன் வகுப்புக்கும் அனுப்பினார்கள். ஒரே வளாகம், ஒரே விடுதி, ஒரே ஆசிரியர்கள், ஒரே தேர்வு. ஆன்லைனில் படித்தவர்களின் மதிப்பெண், திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஏற்கெனவே படிப்பில் பின்தங்கியிருந்தவர்களுக்கே இழப்பு அதிகம். இத்தனைக்கும் அவர்கள் எல்லாரிடமும் மடிக்கணினி இருந்தது, மேசை இருந்தது, கட்டுப்பாடான அன்றாட ஒழுங்கு இருந்தது. அங்கேயே இப்படி என்றால், சிக்னலுக்காக மொட்டை மாடியிலும் ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேலும் உட்கார்ந்து படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

செய்முறைப் பாடங்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, அவை நடக்கவில்லை. வேதியியல் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய டைட்ரேஷனை வீடியோவில் பார்த்தார்கள், ரெக்கார்டு நோட்டை நண்பரிடமிருந்து பார்த்து எழுதினார்கள், வாய்மொழித் தேர்வான வைவாவை ஜூமில் முடித்தார்கள். சிவில் மாணவர்களுக்கு, நிலத்தை அளக்கப் பழகும் சர்வே கேம்ப் இல்லை. பி.எட். படித்தவர்களின் நிலை எல்லாவற்றையும்விட விந்தையானது: பள்ளிகளே மூடியிருந்த ஆண்டில் அவர்கள் கற்பித்தல் பயிற்சி முடிக்க வேண்டியிருந்தது.

இனி மதிப்பெண் பற்றி. கேள்வியின் அடிப்படையே தேர்ச்சி விகிதம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இறுதியாண்டுத் தேர்வுகளை 2020 செப்டம்பர் இறுதிக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும், தேதியைத் தள்ளிவைக்க மாநிலங்கள் கோரலாம், ஆனால் இறுதியாண்டு மாணவர்களைத் தேர்வின்றித் தேர்ச்சி பெற வைக்க முடியாது என்றது. மற்ற ஆண்டு மாணவர்களின் தேர்வுகளை ரத்து செய்வதாகத் தமிழ்நாடு அரசு ஜூலை 23 அன்று அறிவித்தது. அதற்குப் பிறகு, ஆகஸ்ட் 26 அன்று வந்ததுதான் அன்று ஊரெல்லாம் பேசிய அறிவிப்பு: தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்தால் போதும், அரியர் பாடங்களிலும் தேர்ச்சி. முதலமைச்சரை வாழ்த்திப் பேனர்கள் முளைத்தன, மீம்கள் பறந்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது, தேர்வே இல்லாமல் தேர்ச்சி அளிப்பதை ஏற்க முடியாது, ஏதேனும் ஒரு வகையில் தேர்வு வைக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. சிரித்துவிட்டுக் கடந்துபோன அந்த மீம்களுக்குப் பின்னால், எட்டு மாதங்கள் "நான் பாஸா, இல்லையா?" என்று தெரியாமல், வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாமல், மேற்படிப்புக்கும் சேர முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த அறிவிப்பு செய்த தீமை, தேர்வைத் தளர்த்தியதைவிட நிச்சயமின்மையை உண்டாக்கியதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

தேர்வு நடந்த விதமும் ஒரு பாடமாகவே அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவை வீட்டிலிருந்தே புத்தகத்தைப் பார்த்து எழுதும் முறையைக் கையாண்டன. மாணவர்கள் ஏ4 தாளில் எழுதி, போனில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு என்பது, புத்தகத்தில் நேரடியாக விடை இல்லாத வினாக்களைக் கேட்பதற்காக உண்டானது. நாம் பழைய வினாத்தாளையே வைத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் திறந்துவிட்டோம். விளைவு, கையெழுத்துப் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது: 2021 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த செமஸ்டர் தேர்வில், கேமரா வழியே மாணவரின் முகத்தையும் ஒலியையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. வீட்டில் யாரோ பேசினார்கள், முகம் திரும்பியது, கரண்ட் போனது என்பவையெல்லாம் ஒழுங்கீனமாகப் பதிவாகின என்று மாணவர்கள் முறையிட்டார்கள். பெருமளவில் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன, தோல்வியும் அதிகமாக இருந்தது. மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசு மறுதேர்வு நடத்த முடிவு செய்தது. ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டை ஒரு மென்பொருள் குற்றமாகப் பார்த்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே, அந்த இரண்டாண்டு மதிப்பெண்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு "கற்றல் குறையவில்லை" என்று முடிவுகட்ட முடியாது, அளவுகோலே வேறு. நேர்மையாக ஒரு மாற்றுச் சான்றையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஊரடங்கில் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது; முன்பு தேர்வு நெருங்கும்போது மட்டும் படித்தவர்கள், வீட்டில் அடைபட்டிருந்தபோது தொடர்ச்சியாகப் படிக்கத் தொடங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இங்கேயும் அப்படிச் சிலர் உண்டு. நாள்தோறும் மூன்று மணி நேரம் கல்லூரிப் பேருந்தில் கழித்தவர்கள், அந்த நேரத்தில் ஐஐடிகளின் இலவச இணையப் பாடங்களான என்பிடெல் வகுப்புகளைப் பார்த்தார்கள், நிரல் எழுதக் கற்றார்கள். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூசியவர்கள், சாட் பெட்டியில் தட்டச்சு செய்து கேட்டார்கள். சென்னை ஐஐடி தன் இணையவழி பி.எஸ்சி. படிப்பை 2020 ஜூனில் அறிவித்ததும் இதே காலத்தில்தான். முதலிலிருந்தே திரைக்காக வடிவமைக்கப்பட்ட படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம். நாங்கள் நடத்தியது அதுவல்ல. கரும்பலகை வகுப்பை அப்படியே கேமராவுக்கு முன் தூக்கி வைத்தோம்.

மனநலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களிடம், கையில் அணியும் கருவியின் உதவியோடு பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே நடந்துவந்த ஓர் ஆய்வு, பலரும் ஊகித்ததை எண்களாகக் காட்டியது. நாளொன்றுக்குச் சராசரியாக 10,000 அடிகள் நடந்தவர்கள் 4,600 அடிகளுக்கு இறங்கினார்கள். திரை நேரம் இரு மடங்குக்கு மேலாகி 5 மணி நேரத்தைத் தாண்டியது. பிறரோடு பழகும் நேரம் பாதிக்கும் கீழே, அரை மணி நேரத்துக்கும் குறைவாகப் போனது. தூக்கம் மட்டும் இரவுக்கு 25 முதல் 30 நிமிடம் கூடியது. 2020 மார்ச் முதல் ஜூலை வரை, சிகிச்சை தேவைப்படக்கூடிய மனச்சோர்வின் அபாயத்தில் இருந்தவர்கள் 46 முதல் 61 விழுக்காடு. இதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறொன்று: ஊக்கத்தொகை கொடுத்து அந்த மாணவர்களை மறுபடி நடக்க வைத்தார்கள், நடந்தார்கள், ஆனால் மனநிலை குறிப்பிடும்படி மேம்படவில்லை. வெறும் அடிக்கணக்கை மீட்டால் போதாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். அந்தப் பத்தாயிரம் அடிகள் வகுப்பிலிருந்து கேன்டீனுக்கும், கேன்டீனிலிருந்து நூலகத்துக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டு நடந்த அடிகள். தனியாக மாடியில் சுற்றி அவற்றை ஈடுசெய்துவிட முடியாது.

நம் மாணவர்களுக்கு வீடு என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண் மாணவர்களில் கணிசமானோருக்குக் கல்லூரிதான் ஒரே வெளியுலகம். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் அந்த இடைவெளியில்தான் தோழிகள், சிரிப்பு, எதிர்காலம் பற்றிய பேச்சு எல்லாம் இருந்தன. ஊரடங்கில் அவர்கள் முழுநேர வீட்டுப்பெண் ஆனார்கள். வகுப்பு நடக்கும்போதே "அந்தக் குக்கரைக் கொஞ்சம் பாரு" என்று அம்மா கூப்பிடுவது மைக்கில் கேட்கும். அந்த மாணவி அடுத்த பத்து நிமிடம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டாள். போனை அதிகம் பார்த்தால் சந்தேகம், அறைக் கதவைச் சாத்தினால் கேள்வி. படிப்பு எப்போது முடியும் என்றே தெரியாத நிலையில், நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. சில பெயர்கள் வருகைப் பட்டியலிலிருந்து அப்படித்தான் மறைந்தன. ஆண் மாணவர்கள் வேறு விதமாக மறைந்தார்கள். அப்பாவுக்கு வேலை போனதும் உணவு விநியோகத்துக்கும், செங்கல் சூளைக்கும், மில்லுக்கும், பெயின்டிங் வேலைக்கும் போனார்கள். கையில் காசு புழங்கத் தொடங்கியதும் திரும்பி வராதவர்களும் உண்டு. சிலர் ஆன்லைன் ரம்மியில் விழுந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து வந்த தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகுதான் 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது என்பது தனிக்கதை.

2021 கோடையை இந்தக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். முதல் அலையில் இழந்தது வகுப்பையும் நட்பையும் என்றால், இரண்டாம் அலையில் பலர் இழந்தது பெற்றோரை. மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆக்சிஜன் படுக்கைக்காக இரவெல்லாம் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களே. அவர்களில் சிலர் தங்கள் வீட்டுக்காகவே தேடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு அறிவித்த 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை 18 வயது நிறையாதவர்களுக்கானது. இருபது வயதில் தந்தையை இழந்து, தங்கையையும் படிப்பையும் ஒன்றாகச் சுமக்க நேர்ந்தவர் எந்தத் திட்டத்திலும் வரவில்லை. சில வாரங்களில் அவரும் செமஸ்டர் தேர்வு எழுதினார். அவருடைய மதிப்பெண்ணில் இது எங்கும் பதிவாகவில்லை. ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) என்று தனியாக ஒருவர் இருக்கும் கல்லூரிகள் நம்மிடம் மிகக் குறைவு. வகுப்பு ஆசிரியரே அந்த வேலையையும் பார்க்க வேண்டும், பல தனியார் கல்லூரிகளில் அவருக்கோ சம்பளம் பாதியாகக் குறைந்திருந்தது. மாணவர்களின் மனநலத்துக்கான மத்திய அரசின் மனோதர்பன் உதவி எண் இருந்தது, மாநில அரசின் மருத்துவ உதவி எண்ணான 104 இருந்தது. எண்ணைக் கொடுப்பதில் சிரமமில்லை. எல்லாரும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அந்த எண்ணை அழைத்து என்ன பேசுவது என்பதே சிரமம்.

திறந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் சாலைக்கு வந்து, வகுப்பு ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் வைப்பது என்ன நியாயம் என்று போராடினார்கள். "காப்பி அடிக்கப் பழகிவிட்டார்கள்" என்று பொதுவெளியில் ஏளனம் செய்தவர்கள் அதிகம். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கமே விட்டுப்போன கைகளையும், முதல் இரண்டு செமஸ்டரின் அடிப்படை புரியாமல் நான்காவதில் நிற்கிறோம் என்ற பயத்தையும் நான் நேரில் பார்த்தேன். அது சோம்பலின் குரலாக எனக்குக் கேட்கவில்லை. தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன, ஒமிக்ரான் வந்ததால் பிறகு ஆன்லைனிலேயே நடந்தன.

வேலைவாய்ப்பில் கதை நேர்க்கோட்டில் போகவில்லை. "கொரோனா பேட்ச்" என்ற பெயர் முத்திரையாகிவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. 2021 ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் ஆள்சேர்ப்பு விளம்பரம், 2021-இல் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள் என்று அச்சிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அச்சுப் பிழை என்று வங்கி விளக்கமளித்தது. அதே ஆண்டில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களோ முன்னெப்போதும் இல்லாத அளவில் ஆளெடுத்தன. பலருக்குக் கடிதம் கையில் கிடைத்தது, பணியில் சேரும் தேதி மட்டும் தள்ளித் தள்ளிப் போனது.

இந்தப் பாதிப்பு 2022-இல் முடிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அது பள்ளி வழியாக மறுபடி உள்ளே வந்தது. 2021-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு பிளஸ் டூ பொதுத்தேர்வே இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 என்ற விழுக்காட்டில் மதிப்பெண் கணக்கிட்டார்கள். 2022-இல் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் ஆல் பாஸ்; அந்த ஆண்டு மே மாதம் எழுதிய பிளஸ் டூதான் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கு விரிவாக்கப்பட்டதும் 2021-இல்தான். பல ஆண்டுகளாக வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது மிகச் சரியான செயல். ஆனால் அந்த வழியாக முதலில் நுழைந்தவர்கள், பள்ளியின் கடைசி ஆண்டில் பெரும்பகுதியை வகுப்பறைக்கு வெளியே கழித்தவர்கள். முதல் செமஸ்டர் கணிதத்தில் அவர்கள் திணறியபோது, திறமை இல்லை என்றும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்றும் ஆசிரியர் அறையிலேயே பேச்சு எழுந்தது. அப்படிப் பேசியவர்கள் காலண்டரைப் பார்த்திருக்கலாம். எங்கள் துறையில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை: பிளஸ் டூ கணிதத்தின் சில பகுதிகளை முதல் மாதத்தில் மறுபடி எடுத்தோம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு முதலாண்டு மாணவர் ஐந்து பேர் என்று மாலை வேளைகளில் சேர்ந்து உட்கார வைத்தோம். இரண்டில் அதிகம் பயன் தந்தது இரண்டாவது; வகுப்பில் வாயே திறக்காதவர்கள் அங்கே பேசினார்கள், அரியரும் குறைந்தது.